பறக்கும் பறவையைப் படம் பிடிக்க: கமரா செட்டிங்ஸும் ஃபோகஸும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் கொழும்பின் பேர வாவிக் கரையில் நீண்ட லென்ஸோடு ஒருவன் நின்றால், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பேச்சுக் கொடுக்காமல் போவதில்லை. பாதிப் பேர் "இது எவ்வளவு விலை?" என்று கேட்பார்கள், அதற்கு இங்கே பதில் இல்லை. மீதிப் பேர் தாங்களும் கமரா வைத்திருப்பவர்கள். உட்கார்ந்திருக்கும் கொக்கு அழகாக வருகிறது, பறந்தவுடன் எல்லாம் மங்கலாகிவிடுகிறது என்பதுதான் அவர்களின் குறை. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

என்னுடையது பழைய கமரா. புதுசு வாங்கினால்தான் சரிவருமா?

இல்லை. என்னிடம் இருப்பது 2014 இல் வந்த கெனன் 7டி மார்க் 2, அதோடு 1993 இல் வந்த 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ், அதில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர்கூடக் கிடையாது. ஆனால் எடை ஒன்றேகால் கிலோதான், ஒரு மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம், பறக்கும் பறவைக்கு அது பெரிய விஷயம். 70–300 லென்ஸ் இருந்தாலும் தொடங்கலாம், ஏனென்றால் பேர வாவியில் கூழைக்கடா தலைக்கு மேலே பத்துப் பதினைந்து மீற்றரில் போகும். கமராவோடு வந்த 18–55 போதாது, அதைச் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை.

புதுக் கமராக்கள் வேலையை மிகவும் இலகுவாக்கியிருக்கின்றன என்பது உண்மை. 2020 இல் கெனன் ஆர்5, ஆர்6 வந்த பிறகு பறவையின் கண்ணைக் கமராவே தேடிப் பிடிக்கிறது, சோனியிலும் நிக்கோனிலும் அது வந்துவிட்டது. அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?

பறவையைப் பொறுத்தது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்: மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பறவை ஒரு விநாடியில் பத்து மீற்றர் போகிறது. 1/500 விநாடி வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திலேயே அது 2 செ.மீ. நகர்ந்துவிடும், 1/2000 என்றால் அரை செ.மீ. நீங்கள் கமராவைக் கூடவே திருப்புவதால் உடம்பின் நகர்வு ஓரளவு ஈடாகிவிடும், ஆனால் இறக்கை நுனி உடம்பைவிட வேகமாக மேலும் கீழும் போகிறதே, அதற்கு ஈடு கிடையாது.

நான் வைப்பது: கூழைக்கடா, சங்குவளை நாரை, வட்டமிடும் செம்பருந்து ஆகியவற்றுக்கு 1/1000 முதல் 1/1250. கொக்கு, காகம், ஆலா என்றால் 1/2000. மீன்கொத்தி, பஞ்சுருட்டான், சீழ்க்கைச் சிரவி என்றால் 1/3200, வெளிச்சம் இருந்தால் அதற்கும் மேல். தகைவிலானுக்கும் பனை உழவாரனுக்கும் 1/4000 வைத்தாலும் அவை ஃபிரேமுக்குள் வந்தால்தானே.

வேண்டுமென்றே 1/60 வைத்து, பின்னணி கோடாக ஓட, கொக்கின் தலை மட்டும் தெளிவாக விழுகிற மாதிரி எடுக்கிறவர்களும் உண்டு. நன்றாக வந்தால் மிக அழகு. முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அப்பேச்சர்?

வெளிச்சம் நுழையும் லென்ஸ் துவாரம்தான் அது. முழுதாகத் திறந்தபடி, அல்லது ஒரு படி மூடி, அதாவது எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர் உள்ள) கமராவில் 400 மி.மீ., எஃப் 5.6, பறவை 20 மீற்றர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 80 செ.மீ. பறவை 10 மீற்றருக்கு வந்தால் அது 20 செ.மீ. ஆகிவிடும். கூழைக்கடாவின் இறக்கை விரிப்பு இரண்டு மீற்றருக்கு மேல், ஆகவே முழுப் பறவையும் தெளிவாக வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். கண் தெளிவாக இருந்தால் இறக்கை நுனி மங்கியிருப்பதை யாரும் குறையாகப் பார்க்கமாட்டார்கள்.

ஐஎஸ்ஓ ஏறினால் படம் பொரிபொரியாக வருகிறதே?

வரட்டும். ஐஎஸ்ஓ என்பது சென்சருக்குக் கிடைத்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு பெருக்குகிறது என்பது. பொரியைக் குறைக்க இப்போது நல்ல மென்பொருட்கள் இருக்கின்றன, அசைவால் மங்கிய கண்ணை அவ்வளவு எளிதில் மீட்க முடியாது. காலை ஆறரை மணிக்கு நான் 1/1000, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200 இல் எடுக்கிறேன். வெளிச்சத்தைக் குறைவாக விழ வைத்துவிட்டு வீட்டில் ஏற்றினால் பொரி இன்னும் மோசமாகத் தெரியும், அதற்குப் பதில் அங்கேயே ஐஎஸ்ஓவை ஏற்றிவிடுங்கள்.

எந்த மோட்? வானத்தில் பறவை கறுப்பாகவும், கொக்கு வெறும் வெள்ளைத் துணி மாதிரியும் வருகிறது.

இது இரண்டு கேள்வி, ஆனால் காரணம் ஒன்றுதான். கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னணி முழுக்க வெள்ளை வானம் என்றால் "அடடா, வெளிச்சம் கூடிவிட்டது" என்று நினைத்து இருட்டாக்கும், நடுவில் இருக்கிற காகம் கரிக்கட்டையாகிவிடும். பின்னணி இருண்ட மரங்கள் என்றால் வெளிச்சத்தை ஏற்றும், முன்னால் போகும் வெள்ளைக் கொக்கின் இறகு விவரம் அத்தனையும் எரிந்துபோகும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: மோட் எம் (மனுவல்), ஷட்டரும் அப்பேச்சரும் உங்கள் கையில், ஐஎஸ்ஓ ஆட்டோவில். அப்புறம் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) மட்டும் திருப்பிக்கொண்டிருங்கள். வெள்ளை வானத்தில் காகம், பருந்து என்றால் +1 முதல் +1.7 வரை. இருண்ட பின்னணியில் கொக்கு என்றால் −0.7 அல்லது −1. சில பழைய கமராக்களில் எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் காம்பன்சேஷன் வேலை செய்யாது, உங்களுடையது அப்படி என்றால் ஷட்டர் முன்னுரிமை மோடில் போங்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு ஐஎஸ்ஓவையும் கையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நிலையாக இருக்கும்போது பறவை மேல் விழும் வெளிச்சம் மாறுவதில்லை, பின்னணிதான் வானம், மரம், கட்டடம், தண்ணீர் என்று மாறுகிறது. கொழும்பில் இது இன்னும் முக்கியம். பேர வாவியில் ஒரு கூழைக்கடா ஐந்து விநாடி பறந்தால் அதற்குள் வெள்ளைக் கட்டடம், கண்ணாடிக் கட்டடம், ஆலமரம், வானம் எல்லாம் பின்னால் வந்துபோகும், ஆட்டோ ஒவ்வொன்றுக்கும் ஒரு கூத்து ஆடும். தெளிவான வெயிலில் எஃப் 5.6, 1/3200, ஐஎஸ்ஓ 400 என்று வைத்து ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். வெள்ளைக் கொக்கென்றால் 1/4000. மேகம் வந்து வந்து போகிற நாளில் மட்டும் ஆட்டோவுக்குத் திரும்புங்கள்.

ஃபோகஸ் மோட் எது?

தொடர் ஃபோகஸ், வேறு பேச்சே இல்லை. கெனனில் ஏஐ சேர்வோ, நிக்கோனிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிக்கொள்ளும் மோடில் வைத்துவிட்டு "மங்குகிறது" என்று சொன்னவர்கள்தான் எனக்குக் கிடைத்தவர்களில் அதிகம்.

ஃபோகஸ் புள்ளி ஒன்றா, எல்லாமா?

நடுவில் ஒற்றைப் புள்ளி என்றால் பறவை மேல் அதை வைத்திருக்கக் கை பழகியிருக்க வேண்டும், கொஞ்சம் தவறினால் பின்னணிக்கு ஓடிவிடும். எல்லாப் புள்ளிகளும் என்றால் வெறும் வானத்தில் அருமை, ஆனால் பின்னால் மரமோ கட்டடமோ இருந்தால் எது கிட்ட இருக்கிறது, எது பளிச்சென்று தெரிகிறது என்று பார்த்து அதைப் பிடித்துக்கொள்ளும். பழைய கமராக்களில் நடுவழிதான் நல்லது: நடுப்புள்ளியும் அதைச் சுற்றி நான்கு அல்லது எட்டுப் புள்ளிகளும், அல்லது ஒரு சின்ன ஸோன், அதாவது புள்ளிகள் சேர்ந்த ஒரு பகுதி. கடலோரக் காலிமுகத்திடலில் வெறும் வானம், அங்கே பெரிய ஸோன் போடலாம். தலங்கமயில் வயலும் மரமும் பின்னால், அங்கே சின்னது.

கண் கண்டுபிடிக்கும் கமரா இருந்தால் இதெல்லாம் தேவையில்லைதானே?

பாதி தேவையில்லை. ஆனால் பறவை ஃபிரேமில் மிகச் சின்னதாக இருக்கும்போதும், முழுதாக ஃபோகஸ் போய் எல்லாம் புகையாகத் தெரியும்போதும் அந்தக் கமராவுக்கும் கண் தெரியாது. முதலில் சின்ன ஸோனால் பறவையைப் பிடித்துக் கொடுங்கள், பிறகு கண்ணை அது பார்த்துக்கொள்ளும். நிறையக் கமராக்களில் இரண்டு பட்டன்களுக்கு இரண்டு விதமான ஃபோகஸ் பகுதியைக் கொடுத்து வைக்கலாம், ஒன்றால் பிடித்து மற்றதற்கு மாறலாம். மெனுவில் பறவை அல்லது விலங்கு என்று தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மனிதர் என்று விட்டுவிட்டு ஒரு காலை முழுக்கக் கமராவைத் திட்டியவரை எனக்குத் தெரியும். காற்றுக் காலத்தில் காலிமுகத்திடலில் பட்டங்களையும் அது பறவை என்று நினைக்கும், அதற்கு மருந்தில்லை.

பின்பக்கப் பட்டனால் ஃபோகஸ் செய்வது என்கிறார்களே?

ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுப்பது. கட்டைவிரலை அழுத்தியபடி இருந்தால் தொடர் ஃபோகஸ், எடுத்துவிட்டால் ஃபோகஸ் அப்படியே நிற்கும். பறவை ஒரு கம்பத்துக்குப் பின்னால் போகும்போது விரலை எடுத்து, வெளியே வந்ததும் மறுபடி அழுத்தலாம். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழைய முறைக்குப் போகமாட்டீர்கள்.

400 மி.மீ. இல் பார்த்தால் பறவையே கிடைக்கவில்லை. கிடைக்கும்போது போய்விடுகிறது.

எல்லாருக்கும் நடப்பதுதான். செட்டிங்ஸ் சரியாக இருந்தும் படம் வராதவர்களுக்கு உண்மையான காரணம் இதுதான், ஆனால் அவர்கள் மெனுவுக்குள் போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பறவை கிட்ட வந்த பிறகு கமராவைத் தூக்காதீர்கள். தூரத்தில், ஒரு புள்ளியாகத் தெரியும்போதே வெறும் கண்ணால் பார்த்து, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். தலையைக் குனிந்து கமராவைத் தேடினால் பறவை தொலைந்தது. தூரத்தில் இருக்கும்போது பார்வைக்குள் அதன் நகர்வு மெதுவாக இருக்கும், பிடிப்பது சுலபம், பிடித்ததை விடாமல் கூடவே வருவதுதான் வேலை. வழியில் பட்டனைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டுவிட்டு அழுத்துங்கள், ஒவ்வொரு அழுத்தலிலும் கமரா புதிதாகக் கணக்குப் போடும். எடுக்கவேண்டிய தூரத்துக்கு வந்ததும் அழுத்திப் பிடித்துச் சுடுங்கள்.

ஸூம் லென்ஸ் என்றால் 200 இல் பிடித்து, அப்புறம் 400 க்குப் போங்கள். அத்தோடு, பறவை வரப்போகும் தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒரு மரத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்திருங்கள். லென்ஸ் மூன்று மீற்றரில் ஃபோகஸாகிக் கிடந்தால் தூரத்துப் பறவை வியூஃபைண்டரில் தெரியவே தெரியாது, "பறவை கிடைக்கவில்லை" என்று சொல்வதில் பாதி இதுதான்.

கால் முக்கியம். பறவை கடைசியில் எங்கே வரும் என்று நினைக்கிறீர்களோ அந்தத் திசைக்குக் கால்களை வைத்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பிப் பின்னால் போய் அதைப் பிடியுங்கள். வரும்போது உடம்பு தானாக நேராகிவிடும். மறுபக்கமாக நின்றால் நல்ல தருணம் வரும்போது இடுப்பு முறுகி, லென்ஸ் ஆடும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், இடக்கை லென்ஸுக்குக் கீழே முன்பக்கமாக.

பழகுவதற்குக் காகத்தைவிட நல்ல வாத்தியார் கொழும்பில் இல்லை. இறால் வடைக் கடைக்குப் பக்கத்தில் நின்றால் நாள் முழுக்கப் பறந்துகொண்டிருக்கும், கூச்சமில்லை, கறுப்பு நிறம் என்பதால் ஃபோகஸுக்கும் எக்ஸ்போஷருக்கும் கடினம். காகத்தின் கண் தெளிவாக வந்துவிட்டால் கொக்கு ஒன்றுமே இல்லை.

பிடித்த ஃபோகஸ் பின்னணிக்கு ஓடிவிடுகிறது.

எனக்கு நடந்தது: பேர வாவியில் ஒரு கூழைக்கடா தண்ணீரை உரசிக்கொண்டு வந்தது, நாற்பது படம் எடுத்தேன், நாற்பதிலும் தாமரைக் கோபுரம் ஜன்னல் ஜன்னலாகத் தெளிவு, கூழைக்கடா பஞ்சு.

மெனுவில் டிராக்கிங் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கும், நிக்கோனில் லாக்-ஆன் என்பார்கள். குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு விரைவாக அதற்குத் தாவ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். பின்னணி சிக்கலாக இருக்கும் இடத்தில் தாமதப் பக்கம் வையுங்கள். எண்களைக் கவனியுங்கள்: நிக்கோனில் 5 என்றால் தாமதம், சோனியில் 5 என்றால் உடனே தாவும், நேர் எதிர். ஆனால் தாமதப் பக்கம் வைத்தால் தவறாகக் கோபுரத்தைப் பிடித்துவிட்டாலும் அதையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அப்போது விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். அதைத்தான் நான் அன்றைக்குச் செய்யவில்லை.

லென்ஸின் பக்கத்தில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால் தூரப் பக்கம் தள்ளிவிடுங்கள். என்னுடையதில் 8.5 மீற்றருக்கு அப்பால் மட்டும் தேடு என்று சொல்லலாம். வீணாக முன்னும் பின்னும் ஓடி நேரம் போகாது.

ஸ்டெபிலைசர் போட வேண்டுமா? ட்ரைபொட்?

1/2000 க்கு மேல் அது படத்துக்குப் பெரிதாக உதவாது, வியூஃபைண்டரில் ஆட்டத்தைக் குறைக்கும் என்பதற்காகப் போடலாம். மோட் 2, ஸ்போர்ட் என்று ஏதாவது இருந்தால் அதில் வையுங்கள், சாதாரண மோட் நீங்கள் திருப்புவதையே ஆட்டம் என்று நினைத்து எதிர்த்து இழுக்கக்கூடும். ட்ரைபொட் வேண்டாம்.

சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் இறக்கை வளைந்து விழுகிறது.

எலெக்ட்ரோனிக் ஷட்டர் சென்சரை வரி வரியாகப் படிக்கும், மேல் வரியைப் படித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடும். நிக்கோன் இஸட்9 மாதிரி மிக விரைவாகப் படிக்கும் சென்சர் உள்ளவற்றில் இது தொல்லையில்லை. மற்றவர்கள் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

கொழும்பில் எங்கே, எப்போது?

இடத்துக்குப் பஞ்சமில்லை, 2018 இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட ஊர் இது. பேர வாவியில் கூழைக்கடாவும் நீர்க்காகமும். தலவத்துகொட தியசரு பூங்காவிலும் கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் நாரையும் கொக்கும் நீலத்தாழைக்கோழியும். தலங்கமயில் சீழ்க்கைச் சிரவி, நீளவால் இலைக்கோழி. பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலமும் உண்டு, 1990 இல் சரணாலயமாக்கப்பட்டது. தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான், மீசை ஆலா எல்லாம் வலசை வருபவை, ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பாராளுமன்றம் இருக்கும் தியவன்னா பக்கம் போனால் காவலில் நிற்பவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள், துறைமுகப் பக்கமும் அப்படியே.

இடத்தைவிட எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கும். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்துத்தான் போகும். ஆகவே வெயிலும் காற்றும் இரண்டும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பறவை உங்களை நோக்கி, முகத்தில் வெளிச்சத்தோடு வரும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை காலையில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்கு வீசும், சூரியனும் கிழக்கில், எனவே கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் போதும். மாலையில் எல்லாம் தலைகீழ்: கடற்காற்று மேற்கிலிருந்து, சூரியனும் மேற்கில். காலிமுகத்திடலில் சனம் எல்லாம் கடலைப் பார்த்து நிற்கும்போது நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹோட்டல்கள் பக்கம் லென்ஸைத் தூக்கியிருப்பேன், ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நாள் முழுக்க வீசுவதால் காலையில் வெயில் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். வால்தான் கிடைக்கும். அந்த மாதங்களில் மழை விட்ட மாலைகளுக்குக் காத்திருங்கள்.

நமது ஊரில் சூரியன் மணிக்குச் சுமார் 14 பாகை என்று விறுவிறுவென ஏறிவிடும். எட்டரைக்குப் பிறகு இறக்கையின் அடிப்பக்கம் இருட்டு, பத்து மணிக்குத் தண்ணீர் மேலும் தார் ரோட்டின் மேலும் காற்று அலையாட ஆரம்பிக்கும். ஃபோகஸ் சரியாக இருந்தும் தூரத்துப் படங்கள் கொழகொழவென்று வந்தால் காரணம் அந்தச் சூட்டலை, லென்ஸைக் கடைக்குக் கொண்டு ஓடாதீர்கள்.

எழும்பப் போகிறது என்று எப்படித் தெரியும்?

எச்சம் போட்டால் தயாராகுங்கள், சிரிக்க வேண்டாம், நிறையப் பறவைகள் பறப்பதற்குச் சற்று முன் எடையைக் குறைத்துக்கொள்ளும். கொக்கு கழுத்தை இழுத்து உடம்பைத் தாழ்த்தும். மீன்கொத்தி தலையை மேலும் கீழும் ஆட்டும். ஃபிரேமில் பறவை போகும் பக்கம் இடம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் இறக்கை வெட்டுப்படும். கல்லெறிந்து எழுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கூட்டுப் பக்கம் போய் நிற்பவர்களையும். அவர்களோடு நான் நிற்பதில்லை.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனி மூடிவிடுகிறது.

இரவே கமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள், அல்லது ஸிப் பைக்குள் மூடி வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் விடுங்கள். துடைத்தால் மறுபடி மூடும். வெள்ளவத்தை மாதிரிக் கடலோரம் இருப்பவர்கள் ஒரு ட்ரை பொக்ஸ் வாங்கி ஈரப்பதத்தை 40–50 வீதத்தில் வையுங்கள். என் முதல் லென்ஸை அலுமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்தேன், ஒரு மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சணம் வலை பின்னிவிட்டது.

ஒரு காலையில் எத்தனை படம் தேறும்?

ஆரம்பத்தில் 600 எடுத்து மூன்று வைத்திருந்தேன். இப்போது 300 எடுக்கிறேன், இருபது தேறினால் நல்ல நாள். வீட்டுக்கு வந்து, தேநீர் குடிக்கும்போதே ஒவ்வொன்றையும் முழு அளவில் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பார்ப்பேன். கண் தெளிவில்லை என்றால் இறக்கை எவ்வளவு அழகாக விரிந்திருந்தாலும் அன்றைக்கே அழித்துவிடுவேன், நாளைக்கு விட்டால் மனம் வராது. தாமரைக் கோபுரம் விழுந்த நாற்பதும் மட்டும் இன்னும் கிடக்கிறது.